மகள் கையிலிருக்கும் நாதஸ்வரத்தை வாங்கி வைத்துவிடாதீர்கள்

போன வாரம் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு ஒரு தம்பதி மகளோடு என்னிடம் வந்திருந்தார்கள். பெண் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பன்னிரண்டு வயதில் ஒரு கோயில் வித்வானிடம் நாதஸ்வரம் கற்கத் தொடங்கி ஐந்து வருடம் ஆகிறது. மேற்கொண்டும் அதையே படிக்கிறேன் என்கிறாள். "கம்ப்யூட்டர் சயின்ஸில் போடுங்கள், ஆசைக்குச் சனி ஞாயிறு வாசிக்கட்டும்" என்று பெரிய மாமா சொல்லிவிட்டார். மேனேஜ்மென்ட் கோட்டாவில் இடமும் பேசியாகிவிட்டது. முதல் வருடப் பணத்துக்கு அம்மாவின் நகை அடகுக்குப் போகவிருக்கிறது.

பயப்படாதீர்கள் என்றுதான் நானும் ஆரம்பித்தேன். நகைப் பேச்சு வந்ததும் அந்த ஆறுதலை நிறுத்திவிட்டேன். ஐயா, அன்று அவசரமாகச் சொன்னதை இங்கே நிதானமாக எழுதுகிறேன்.

அந்த இடத்தை விட்டுவிடுங்கள். கணக்கைக் கண்டாலே ஒதுங்குகிற பிள்ளை அவள், உங்கள் வாயாலேயே சொன்னீர்கள். நான்கு வருடம் கடன் வாங்கிக் கட்டி, கடைசியில் அரியரோடு நிற்கும் பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். அந்தக் கடனை மாமா அடைக்கப் போவதில்லை.

சனி ஞாயிறு வாசிப்பது என்பதும் நடக்காத காரியம். நாதஸ்வரத்தில் விரல் வைக்க ஏழு துளைதான். நடுவில் வரும் சுரங்களையெல்லாம் விரலைப் பாதி எடுத்தும், மூச்சைக் கூட்டிக் குறைத்தும், வாயில் வைத்து ஊதும் நாணல் பட்டையான சீவாளியை உதட்டில் பிடிக்கும் பிடியிலும்தான் கொண்டுவர வேண்டும். தினமும் சாதகம், அதாவது வாசிப்புப் பயிற்சி, இல்லாவிட்டால் உதடு தளர்ந்துவிடும். நாம் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் மகள் என்ன செய்தாள், கவனித்தீர்களா? நூலில் கோத்திருந்த சீவாளிகளில் ஒன்றை வாயில் வைத்து ஈரமாக்கி, வெளிச்சத்தில் பிடித்து அதன் வாயைப் பார்த்தாள். பிடிக்கவில்லை. அடுத்ததை எடுத்தாள். நான்காவதில்தான் திருப்தி. யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. என் மேஜைக்கு எதிரே உட்காரும் பிள்ளைகளிடம் இந்தக் கவனத்தை நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

சரி, வழி என்ன? வாய்ப்பாட்டு, டிவி போட்டி, சினிமா பற்றியெல்லாம் நான் பேசப்போவதில்லை. அந்த வரிசையில் ஏற்கெனவே ஆயிரம் பேர் நிற்கிறார்கள்.

தமிழ்நாட்டில் கலை பண்பாட்டுத் துறையின் கீழ் 17 மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. 12 வயது முதல் 25 வயது வரை சேரலாம், மூன்று வருடப் படிப்பு, நாதஸ்வரமும் தவிலும் தனித்தனிப் பிரிவு. கட்டணம் மிகக் குறைவு. அதற்கு மேலே சென்னை, திருவையாறு, மதுரை, கோவை அரசு இசைக் கல்லூரிகள். இந்து சமய அறநிலையத் துறையும் சில பெரிய கோயில்களில் நாதஸ்வர, தவில் பயிற்சிப் பள்ளி நடத்துகிறது. அங்கே நீங்கள் பணம் கட்ட வேண்டாம். பிள்ளைக்குத்தான் மாதாமாதம் ஊக்கத்தொகை தருகிறார்கள். இந்தப் பள்ளிகளின் சான்றிதழை வெறும் காகிதம் என்று நினைக்காதீர்கள். கோயில்களில் நாதஸ்வரப் பணியிடத்துக்கு ஆள் எடுக்கும்போது, கேட்கும் தகுதிகளில் இதுவும் ஒன்று. இசைப்பள்ளி ஆசிரியர் வேலை, வானொலியில் ஆடிஷன் கொடுத்து கிரேடு வாங்குவது என்று இன்னும் வாசல்கள் உண்டு. குருவிடம் ஐந்து வருடமாவது கற்ற, 18 முதல் 25 வயதுள்ள இளம் கலைஞர்களுக்கு மத்திய கலாச்சார அமைச்சகம் மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருடம் உதவித்தொகை தருகிறது. 18 வயது நிரம்பியதும் அவள் விண்ணப்பிக்கட்டும்.

அம்மா, "பொம்பளப் பிள்ளைக்கு இது எதுக்கு" என்று உறவில் கேட்பதாகச் சொன்னீர்கள். மதுரையில் எம்.எஸ். பொன்னுத்தாய் இந்த வாத்தியத்தைக் கையில் எடுத்தபோது கேட்ட கேள்விதான் இது. அவர் வாசித்துக் காட்டிவிட்டார். ஸ்ரீரங்கத்தில் காலீஷாபி மெஹபூப்பும் அவர் கணவர் ஷேக் மெஹபூப் சுபானியும் ஜோடியாக வாசித்து 2020இல் பத்மஸ்ரீ பெற்றார்கள்.

கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை, கல்யாண வருமானமும் இல்லை. பல மண்டபங்களில் நாதஸ்வர செட்டின் இடத்தைச் செண்டை மேளம் பிடித்துக்கொண்டது. சுவாமி புறப்பாடு என்றால் ராத்திரியில் நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். புறப்பாட்டுக்கென்றே நாதஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரியைக் கேட்காமல் சுவாமி புறப்படாத ஊரில், அதே கலைஞரைச் சபாக்கள் பெரும்பாலும் தொடக்க மங்கள இசைக்கு மட்டும் கூப்பிடுகின்றன. இது அநியாயம் என்றே நினைக்கிறேன். அதனால்தான் ஒரே வருமானத்தை நம்ப வேண்டாம் என்கிறேன். கோயில் வேலையோ ஆசிரியர் வேலையோ ஒன்று கையில் இருக்கட்டும், கச்சேரி அதன் மேல் வரட்டும். அஞ்சல் வழியில் ஒரு பி.ஏ.வும் முடிக்கட்டும், பிற்பாடு உதவும்.

செலவில் மட்டும் கறாராக இருங்கள். மேடை வாங்கித் தருகிறேன், பணம் கட்டுங்கள் என்று யார் வந்தாலும் கதவைச் சாத்துங்கள். நாதஸ்வரம் செய்வதற்குப் பேர்போன நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த, நீளமான பாரி வகை நாதஸ்வரம் நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள். ஒரு செமஸ்டர் கட்டணத்துக்குள் அடங்கிவிடும். அப்புறம் சீவாளிச் செலவு. நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

அடுக்குமாடி வீட்டில் சத்தம் போட்டால் பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்களே என்று அம்மா கேட்டதுதான் அன்று வந்த கேள்விகளிலேயே உருப்படியானது. திறந்தவெளிக்கென்றே செய்த வாத்தியம் அது, சண்டை வரத்தான் செய்யும். அவள் குருவிடம் சொல்லி, விடிகாலையில் கோயில் மண்டபத்தில் சாதகம் செய்ய அனுமதி கேளுங்கள். ஐயா கூடவே போய் உட்காருங்கள். ஒரு மாதம் கேட்டுவிட்டு மறுபடியும் வாருங்கள், மாமாவையும் கூட்டிக்கொண்டு.