ஷாவுக்கு எதற்கு இன்னொரு மன்னர்?

கேள்வி: சென்ற இதழின் ஈரான் கட்டுரையில் 'மன்னர் ஷா 1979இல் நாட்டைவிட்டு வெளியேறினார்' என்று எழுதியிருக்கிறீர்கள். 'ஷ' தமிழ் எழுத்தே அல்ல. 'சா' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உயிரே போய்விடும். தமிழில் 'சா' என்றால் செத்துப்போ என்று ஏவுவது. ஒரு நாட்டின் அரசப் பட்டத்தை அப்படியா எழுதுவது?

அந்த வரியில் உண்மையான பிழை வேறு இடத்தில் இருக்கிறது. 'ஷா' என்பது அவர் பெயர் அன்று, பட்டம். பாரசீகத்தில் அரசன் என்று பொருள். பெயர் முகம்மது ரேசா பஹ்லவி. 'மன்னர் ஷா' என்பது 'நடு சென்டர்' என்பதைப் போன்றது. நம் பத்திரிகைகள் பல ஆண்டுகளாகச் செய்துவரும் இந்தத் தவற்றை நாங்களும் செய்துவிட்டோம். நீங்களோ அதை விட்டுவிட்டு எழுத்தைப் பிடித்துக்கொண்டீர்கள்.

அந்தச் சொல்லின் வயதைப் பாருங்கள். மேற்கு ஈரானில் கெர்மான்ஷா நகரத்துக்கு அருகே பெஹிஸ்துன் மலை. அதன் செங்குத்தான பாறையில், கி.மு. 520ஐ ஒட்டி, பாரசீகப் பேரரசன் முதலாம் தாரியஸ் தன் வெற்றிகளை மூன்று மொழிகளில் வெட்டிவைத்தான். 'நான் தாரியஸ், பேரரசன், அரசர்க்கரசன்' என்று தொடங்குகிறது பழம்பாரசீக வாசகம். அதில் அரசனைக் குறிக்கும் சொல் 'க்ஷாயதிய'. நமக்குத் தெரிந்த 'க்ஷத்திரிய'னுக்கு அது உறவு. வாய்க்கு வாய் மாறித் தேய்ந்து 'ஷாஹ்' என்று நின்றது. அரசர்க்கரசன் 'ஷாஹான்ஷா' ஆனான்.

தாரியஸின் படை எட்டாத ஊர்களுக்கெல்லாம் அந்தச் சொல்லைக் கொண்டுபோனது ஒரு விளையாட்டு. இங்கிருந்து சதுரங்கம் பாரசீகத்துக்குப் போனது. அங்கே எதிராளியின் அரசனைத் தாக்கும்போது 'ஷா!' என்று குரல் கொடுத்து எச்சரிப்பார்கள். அரபுகள் வழியாக ஐரோப்பாவுக்குள் நுழைந்த அந்தக் குரல் இலத்தீனில் 'ஸ்காக்குஸ்' ஆகி, பிரெஞ்சில் 'எஷெக்' ஆகி, ஆங்கிலத்தில் 'செக்' ஆனது. அதன் பன்மையிலிருந்துதான் 'செஸ்' வந்தது. ஜெர்மானியருக்கு இன்றும் அந்த ஆட்டம் 'ஷாக்'.

கதை பலகையோடு முடியவில்லை. 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசுக் கணக்குப் பார்க்கவென்று ஒரு மேசை இருந்தது. பத்தடி நீளம், ஐந்தடி அகலம். மேலே வைத்தது உருண்டு விழாதபடி நான்கு விரல் உயரத்துக்குச் சுற்றிலும் விளிம்பு. அதன்மேல் ஒரு கறுப்புத் துணி. துணியில் ஒரு சாண் இடைவெளியில் கோடுகள். மேசைக்கு ஒரு பக்கம் அரசனின் பொருளாளர், எதிர்ப்பக்கம் வரி தண்டிய மாவட்ட அதிகாரி. கட்டங்களில் வில்லைகளை நகர்த்தி நகர்த்தி இவர் கேட்பார், அவர் கணக்குக் காட்டுவார். பார்ப்பதற்குச் சதுரங்கப் பலகை, நடப்பதும் சதுரங்கப் போர். அதனால் அந்த அலுவலகத்துக்கே 'எக்ஸ்செக்கர்' என்று பெயர் வந்தது. பிரிட்டிஷ் நிதியமைச்சர் இன்றும் அந்தப் பெயரைத்தான் சுமக்கிறார். வங்கிக் 'செக்'கும் அதே குடும்பம்.

கட்டம் போட்ட செக் சட்டை அணிந்த ஒருவர், பையில் செக் புத்தகத்தோடு செக்போஸ்ட்டில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று ஷாக்கள் அவரோடு நிற்கிறார்கள். நாம் ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவதையும் நான் ஏற்கமாட்டேன். 'சபாஷ்' என்பது 'ஷா'விலிருந்து வந்தது என்று ஒரு நண்பர் எனக்கு வருடக்கணக்காக எழுதிவருகிறார். இல்லை ஐயா. அது 'ஷாத் பாஷ்', 'மகிழ்ந்திரு' என்று வாழ்த்துவது. குஜராத்தி வணிகர்களின் 'ஷா'வும் வேறு. அது 'சாது' என்ற சொல்லின் வழி வந்தது.

உங்கள் எழுத்துக்கு வருகிறேன். தஞ்சையை 1684 முதல் ஆண்ட மராட்டிய மன்னருக்கு ஷாஜி என்று பெயர். அது அவருடைய பாட்டனாரின் பெயர். அந்தப் பாட்டனார்தான் சிவாஜியின் தந்தை. ஷா ஷரீஃப் என்ற சூஃபி ஞானியை வேண்டிப் பிறந்த பிள்ளை என்பதால் அவருக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். பாரசீக அரசப் பட்டம் ஒரு முஸ்லிம் ஞானிக்கு அடைமொழியாகி, ஒரு மராட்டியக் குழந்தைக்குப் பெயராகி, காவிரிக்கரையில் அரியணை ஏறியிருக்கிறது. நம் நூல்கள் அவரை 'சகசி' என்று எழுதுகின்றன. இத்தனை வரலாற்றில் ஒரு துளியாவது அந்த மூன்று எழுத்தில் தெரிகிறதா?

குஷாணப் பேரரசர் கனிஷ்கரின் பொற்காசு ஒன்றின் படத்தை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். கனத்த மேலங்கி, பெரிய காலணிகள், தாடி. சுற்றிலும் கிரேக்க எழுத்தில், ஆனால் பாரசீகத்துக்கு உறவான பாக்டிரிய மொழியில், 'ஷாவோநாநோஷாவோ', அரசர்க்கரசன் என்ற அதே பட்டம். கிரேக்கத்தில் 'ஷ' ஒலிக்கு எழுத்து கிடையாது. 'ஸ' போட்டு ஒப்பேற்றிவிட்டுப் போயிருக்கலாம். குஷாணர்கள் அப்படிச் செய்யவில்லை. ஒரு நெட்டைக் கோடு, அதன் நடுவில் வலப்பக்கம் ஒரு சிறு வளைவு என்று புதிதாக ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். இந்த ஒரு பட்டத்துக்குள்ளேயே அது இரண்டு முறை வருகிறது.

நமக்கு அந்தச் சிரமம்கூட இல்லை. எழுத்து பல நூறு ஆண்டுகளாகக் கையில் இருக்கிறது. அடுத்த இதழிலும் 'ஷா' என்றுதான் வரும். 'மன்னர்' என்பதை மட்டும் எடுத்துவிடுகிறோம்.