சாரல் நேரத்துக் கேள்விகள்: குற்றாலம்

கே: ஜூலையில் ஒரு சனி, ஞாயிறு குடும்பத்தோடு குற்றாலம் வரலாம் என்று இருக்கிறோம். போன வருடம் அறையெல்லாம் எடுத்துவிட்டு வந்து பார்த்தால் பாறைதான் தெரிந்தது. தண்ணீர் விழுமா விழாதா என்று கிளம்பும் முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?
– வாசகி, திருச்சி

ப: உண்டு. அதற்குக் குற்றாலத்தில் மழையா என்று விசாரிப்பதைவிட, கொல்லம், புனலூர் பக்கம் மழையா என்று பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்று சுமந்து வரும் மழையில் பெரும்பங்கு மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிடும். ஆரியங்காவுக் கணவாய் வழியே காற்று நுழைவதால், மிச்சம் இருப்பது செங்கோட்டை, தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் சாரலாகத் தூறுகிறது. அந்தப் பக்கம் இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்தால் இங்கே அருவியில் தண்ணீர் கொட்டத் தொடங்கிவிடும்.

இன்னொரு அடையாளம், நாளிதழ்களில் வரும் அணை நீர்மட்டப் பட்டியல். செங்கோட்டைக்கு மேலே உள்ள குண்டாறு அணையின் உயரம் 36 அடிதான். சின்ன அணை, மழை பிடித்தவுடன் நிரம்பிவிடும். 'குண்டாறு நிரம்பி வழிகிறது' என்ற செய்தி வந்தால் சீசன் களைகட்டிவிட்டது என்று இந்தப் பக்கத்துக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: நிரம்பிய அணை, மழை விட்ட பிறகும் சில நாள் நிரம்பியேதான் இருக்கும். அதனால் மட்டத்தை விட்டுவிட்டு, பக்கத்துக் கட்டத்தில் உள்ள நீர்வரத்து எண்ணைப் பாருங்கள். நாலு நாளாக அது இறங்கிக்கொண்டே வந்தால் அருவியும் இளைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

சனி, ஞாயிறைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். முடியாவிட்டால் விடியற்காலை ஐந்து, ஐந்தரைக்கே பேரருவியில் நின்றுவிடுங்கள். ஒன்பது மணிக்கு மேல் வரிசையில் நிற்கும் நேரம்தான் அதிகம்.

கே: அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. பையனுக்கு 6 வயது. எந்த அருவி தோது?
– வாசகர், சென்னை

ப: அம்மாவுக்குப் பேரருவி. குற்றாலநாதர் கோயிலை ஒட்டியே இருக்கிறது, அதிகம் ஏறி இறங்க வேண்டாம். ஐந்தருவியிலும் பழைய குற்றாலத்திலும் படிகள் உண்டு. ஈரமும் பாசியும் சேர்ந்தால் நல்ல காலுக்கே வழுக்கும். பையனுக்குப் புலியருவி. சின்ன அருவி, வேகம் குறைவு.

பேரருவியிலும் அம்மாவை நேராகத் தண்ணீர் விழும் நடுப்பகுதிக்குக் கூட்டிப்போகாதீர்கள். ஓரத்தில், பாறையில் பட்டுச் சிதறி விழும் இடத்தில், கம்பியைப் பிடித்தபடி நின்றால் போதும். முதலில் கால், பிறகு கை, தோள், கடைசியில் தலை என்று நனையட்டும். குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று தலையைக் கொடுத்தால் மூச்சு முட்டும், நெஞ்சு படபடக்கும். இதய நோய்க்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர் என்றால் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள்.

பையனை விரல் பிடித்துக் கூட்டிப்போகாதீர்கள். ஈர விரல் ஒரு இழுப்பில் நழுவிவிடும். மணிக்கட்டுக்கு மேலே இறுகப் பிடியுங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி என்பதால் பையன் யாரோடு போகிறான் என்பதை உள்ளே நுழையும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். இரைச்சலில் அந்தப் பக்கம் கூப்பிட்டால் இந்தப் பக்கம் கேட்காது.

கே: நல்ல வெயில், ஒரு பொட்டு மேகம் இல்லை. ஆனந்தமாகக் குளித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று போலீஸ்காரர் விசில் ஊதி எல்லோரையும் வெளியே விரட்டினார். அரை மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. இது தேவையில்லாத கெடுபிடி இல்லையா?
– வாசகர், ஈரோடு

ப: இல்லை. விசில் சத்தம் கேட்டதும் ஏறியவர்கள் நீங்கள், அதனால்தான் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்ல முடிகிறது.

உங்கள் தலைக்கு மேல் இருக்கும் வானத்துக்கும் அருவிக்கும் சம்பந்தம் குறைவு. தண்ணீர் சேருவது மலைக்கு மேலே, காட்டுக்குள். ஓடை நீளம் குறைவு, சரிவோ செங்குத்து. மேலே அரை மணி நேரம் அடித்துப் பெய்தால் அந்தத் தண்ணீர் முழுக்கத் தேங்க இடமில்லாமல் உருண்டு வருகிறது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்து சேரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்தது இதுதான். சீசனே தொடங்கவில்லை, கோடை மழைதான். அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான்.

பேரருவிக்கு இயற்கையே ஒரு தடுப்பு வைத்திருக்கிறது. மேலிருந்து வரும் சிற்றாறு நேராகக் கீழே விழாமல், நடுவில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பள்ளத்தில் விழுந்து, பொங்கி, வழிந்துதான் நம் தலைக்கு வருகிறது. அந்தப் பள்ளம் வேகத்தைத் தணிக்கிறது. ஆனால் அதற்கும் அளவு உண்டு. வெள்ளம் பெருகினால் தண்ணீர் பாறையை விட்டு விலகி, முன்னால் இருக்கும் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழும். 'ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டுகிறது' என்று உள்ளூரில் சொன்னால் அன்றைக்குக் குளியல் கிடையாது.

விசில் வராவிட்டாலும் நீங்களே கண்டுபிடிக்கலாம். வெள்ளையாக விழும் தண்ணீரில் முதலில் டீத்தூள் சாயம் போல ஒரு நிறம் கலக்கும். அடுத்து சருகு, குச்சி, சின்னச் சின்னக் கல். மணல் தோளில் நறநறவென்று படும். இரைச்சல் கனக்கும், எதிரே அடிக்கும் நீர்த்திவலை திடீரென்று தூரம்வரை வரும். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே வெளியே வாருங்கள். சோப்புப் பெட்டி, துண்டு, செருப்பு எதற்கும் திரும்பாதீர்கள். தண்ணீர் ஓடும் திசையில் ஓடக்கூடாது, பக்கவாட்டில் மேட்டுக்கு ஏற வேண்டும். படியில் வெள்ளம் ஓட ஆரம்பித்துவிட்டால் கணுக்கால் அளவு தண்ணீர்தானே என்று இறங்காமல், கம்பியையோ சுவரையோ பிடித்து, இருக்கும் மேட்டிலேயே நில்லுங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வருபவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஆனி, ஆடிச் சாரல் சீராக இருக்கும். வடகிழக்குப் பருவமழை அப்படியில்லை. காலையில் அமைதியாக இருந்த அருவி சாயங்காலம் செம்மண் நிறத்தில் கொட்டும். ஐயப்ப பக்தர்கள் கூட்டமும் அப்போதுதான்.

கே: அருவியில் நின்றுவிட்டு வந்ததிலிருந்து ஒரு காது அடைத்துக்கொண்டது. இரண்டு நாளாகியும் சரியாகவில்லை.
– வாசகர், கோவில்பட்டி

ப: அழுக்கு ஊறி உப்பி அடைத்திருக்கலாம், செவிப்பறையில் அடிபட்டும் இருக்கலாம். எது என்று வெளியிலிருந்து தெரியாது. பட்ஸ், ஊக்கு, எண்ணெய் எதையும் உள்ளே விடாமல் காது மருத்துவரைப் பாருங்கள். வலி, ரத்தம், சீழ், தலைச்சுற்றல் இருந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

அடுத்த முறை நிற்கும் விதத்தை மாற்றுங்கள். பலரும் நிமிர்ந்து நின்று முகத்தை மேலே தூக்கிக் கொடுக்கிறார்கள். தண்ணீரை வாங்க வேண்டியது தோள்பட்டையும் மேல்முதுகும்தான். லேசாகக் குனிந்து, தாடையை மார்பை நோக்கி இறக்கி, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையைத் தலைமேல் கவிழ்த்து வைத்தால் அடி பிரிந்து விழும். காதைப் பக்கவாட்டில் திருப்பித் தண்ணீருக்குக் காட்டவே கூடாது. செவிப்பறையில் ஏற்கெனவே ஓட்டை உள்ளவர்கள் தோளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பஞ்சில் வாசலின் தடவி வைப்பது வீட்டுக் குளியலுக்குச் சரி, அருவியின் வேகத்துக்குத் தாங்காது.

கே: எண்ணெய் தேய்த்து அருவியில் குளிக்கலாமா?
– வாசகர், சேலம்

ப: கூடாது. எண்ணெய், சோப்பு, ஷாம்பு மூன்றுக்கும் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தடை விதித்திருக்கிறது. எண்ணெய் படிந்த தளத்தில் அடுத்து வருபவர் வழுக்கி விழுவார் என்பது ஒரு புறம், அத்தனையும் சிற்றாற்றில் கலக்கிறது என்பது இன்னொரு புறம். எண்ணெய்க் குளியல் வேண்டும் என்றால் அறையில் தேய்த்து, அறையிலேயே சீயக்காய் போட்டு அலசிவிட்டு அருவிக்குப் போங்கள்.

கே: என்ன உடுத்துவது? நகையை என்ன செய்வது?
– வாசகி, நாமக்கல்

ப: புடவையும் வேட்டியும் தண்ணீரின் கனத்தில் அவிழும், காலில் சுற்றும். பெண்களுக்குச் சுடிதார், துப்பட்டா இல்லாமல். ஆண்களுக்கு இடுப்பில் நாடா உள்ள அரைக்கால் சட்டை. நகையைக் கழற்றி அறையிலேயே வைத்துவிடுங்கள். தாலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் உடைக்குள் தள்ளி, ஊக்கால் குத்திக்கொள்ளுங்கள். விழுந்த நகை நொடியில் வாய்க்காலுக்குப் போய்விடும், தேடிப் பயனில்லை.

மூக்குக்கண்ணாடி, கான்டாக்ட் லென்ஸ், கழற்றி மாட்டும் பல்செட், காது கேட்கும் கருவி இவற்றையும் மறக்காதீர்கள். பெரியவர்களின் பல்செட் அருவியோடு போவது அடிக்கடி நடப்பதுதான். கார் ரிமோட் சாவியைப் பையில் போட்டு நனைத்துவிட்டால் திரும்பும் பயணம் அங்கேயே நின்றுவிடும். ஒருவர் கரையில் உட்கார்ந்து பொருளைப் பார்த்துக்கொள்ள, மற்றவர்கள் மாற்றி மாற்றிக் குளிப்பதுதான் நடைமுறை. அந்த ஒருவர் தின்பண்டப் பையை மடியில் மூடி வைத்திருக்கட்டும், குரங்குகள் விடாது.

கே: தேனருவி, செண்பகாதேவி அருவிக்கு ஏறிப் போகலாமா?
– கல்லூரி மாணவர், விருதுநகர்

ப: இரண்டும் காட்டுக்குள். வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது. 'வழி தெரியும்' என்று கூட்டிப்போக வருபவரை நம்பாதீர்கள்.

கே: வந்து சேர்ந்த அன்று எல்லா அருவியிலும் தடை. ஒரு நாள் வீண். என்ன செய்திருக்கலாம்?
– வாசகி, மதுரை

ப: தடை எல்லா அருவிக்கும் ஒரே நேரத்தில் விலகாது. பேரருவி மூடியிருக்கும்போதே ஐந்தருவி திறக்கலாம், ஒவ்வொன்றாக விசாரியுங்கள். அதுவரைக்கும் சித்திரசபைக்குப் போய்ச் சுவரோவியங்களைப் பாருங்கள். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று அது. தென்காசி காசி விசுவநாதர் கோயில் 5 கி.மீ. தூரம்தான்; கோபுர வாசலில் அடிக்கும் காற்றுக்காகவே போகலாம். சாயங்காலம் செங்கோட்டைப் பக்கத்தில் உள்ள பிரானூர் பார்டரில் புரோட்டா.

வழியில் மங்குஸ்தான் விற்பார்கள். தோலை விரலால் அழுத்திப் பாருங்கள். லேசாக அமுங்கினால் நல்ல பழம், கல் போல இருந்தால் பழசு. காம்பு பச்சையாக இருக்க வேண்டும். அடிப்பக்கத்தில் பூ மாதிரி ஒரு முத்திரை தெரியும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. ஐந்து இதழ் பழத்தைவிட ஏழு இதழ் பழத்தை எடுங்கள்: சுளை சிறிதாக இருந்தாலும் விதை குறைவு.