சின்ன ஆன்லைன் கோர்ஸ் தயாரிக்கும்போது எதை வீடியோவாக, எதை எழுத்தாக, எதைப் பயிற்சியாகக் கொடுப்பது?

ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற மாதிரி ஒரு கோர்ஸ் தயாரிக்கப் போகிறீர்கள். எல்லாப் பாடத்தையும் வீடியோவாகவே எடுத்துவிடலாமா, இல்லை கலந்து கொடுப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். கலந்துதான் கொடுக்க வேண்டும். ஆனால் போரடிக்காமல் இருக்கட்டும் என்பதற்காகக் கலக்காதீர்கள். ஒவ்வொரு பாடத்தின் வடிவத்துக்கும் அந்தப் பாடத்திலேயே ஒரு காரணம் இருக்க வேண்டும்.

பாடம் வடிவமைப்பதுதான் என் தொழில். யார் இந்தக் கேள்வியைக் கேட்டாலும் நான் சொல்வது இதைத்தான்: பயிற்சியை முதலில் எழுதுங்கள். பாடம் முடிந்ததும் கற்பவர் எதைச் செய்து காட்ட வேண்டும் என்பதை முடிவு செய்த பிறகு மைக்கைத் தொடலாம். முதலில் வீடியோ எடுத்துவிட்டுக் கடைசியில் நான்கு கேள்விகளை ஒட்டவைக்கும் பழக்கம்தான் நிறைய கோர்ஸ்களைக் கெடுக்கிறது.

எக்செலில் விலுக்கப் (VLOOKUP) சொல்லித் தரும் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டியலில் ஒரு மதிப்பைத் தேடி, அதே வரியில் இருக்கும் இன்னொரு தகவலைக் கொண்டுவரும் ஃபார்முலா அது. வழக்கமாக அது எட்டு நிமிட வீடியோவாக இருக்கும். விலுக்கப் என்றால் என்ன, அதற்குத் தர வேண்டிய நான்கு உள்ளீடுகள் எவை, ஒரு உதாரணம், அவ்வளவுதான். பார்க்கிறவருக்கு எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். மறுநாள் தன் சொந்த ஃபைலில் எழுதிப் பார்த்தால் என்ஏ (#N/A), அதாவது தேடியது கிடைக்கவில்லை என்று பிழை வந்து நிற்கும், ஏன் என்று தெரியாது.

இதையே பயிற்சியிலிருந்து தொடங்குவோம். இரண்டு பட்டியல்கள் உள்ள ஒரு ஃபைலில், பொருள் எண்ணை வைத்து அதன் விலையைக் கொண்டுவரத் தெரிய வேண்டும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று தானே கண்டுபிடிக்கவும் தெரிய வேண்டும். சரி, அப்படியானால் ஃபைலை அதற்கேற்ற மாதிரி தயாரிக்கலாம். ஒரு வரியில் பொருள் எண்ணுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு ஸ்பேஸ் இருக்கட்டும். இன்னொரு வரியில் எண், எண்ணாக இல்லாமல் எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கட்டும். மூன்றாவதாக, நான்காம் உள்ளீட்டைக் கொடுக்காமல் விட்ட ஒரு ஃபார்முலா. ஆபத்தானது இந்த மூன்றாவதுதான். நான்காம் உள்ளீட்டை விட்டுவிட்டால் எக்செல் தோராயமான பொருத்தத்தைத் தேடும். முதல் நெடுவரிசை வரிசைப்படுத்தப்படாமல் இருந்தால், பிழை எதுவும் காட்டாமலே தப்பான விலையைக் கொண்டுவந்து வைத்துவிடும். கற்பவர் இதை ஒருமுறை தன் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்க மாட்டார்.

இந்த ஃபைல் தயாரானதும் மற்றதெல்லாம் தானாகவே தெளிவாகும். ஃபார்முலா எழுதும்போது கர்சர் எங்கே போகிறது, எந்தப் பகுதியை இழுத்துத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைக் காட்டத்தான் வேண்டும், அதற்கு மூன்று நிமிட ஸ்கிரீன் ரெக்கார்டிங் போதும். உள்ளீடுகளின் வரிசை, திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிற தகவல். அதற்கு ஒரு பக்க எழுத்துக் குறிப்பு. பிழையைத் தேடுவது கற்பவரே செய்ய வேண்டிய வேலை என்பதால் அங்கே ஃபைல்தான் பாடம். அவர் முயன்று பார்த்த பிறகு, நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று இரண்டு நிமிடம் விளக்கினால் போதும். முகம் காட்டிப் பேசும் வீடியோவுக்கு இந்தப் பாடத்தில் இடமே இல்லை.

பயிற்சிக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், ஆய்வுகளும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு குழு நான்கு அமர்வுகளிலும் ஒரே பகுதியைப் படித்தது. இன்னொரு குழு ஒரு அமர்வில் படித்துவிட்டு, மீதி மூன்றிலும் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம் நினைவிருந்தது, படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 40 சதவீதம்தான். கோர்ஸ் முடிந்த கையோடு கேட்கப்படும் 'புரிந்ததா?' என்ற கேள்விக்கு வரும் பதிலை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம். 2015-இல் கென்னத் கெடிங்கரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு உளவியல் அறிமுகக் கோர்ஸின் தரவுகளைப் பார்த்தார்கள். கற்றலோடு பயிற்சி செய்வதற்கு இருந்த தொடர்பு, பார்ப்பதற்கும் படிப்பதற்கும் இருந்ததைவிட ஆறு மடங்குக்கு மேல்.

இப்போது வீடியோவுக்கு வருவோம். நான் வீடியோவுக்கு எதிரி இல்லை. அசைவும் குரலும் முகபாவமும் பாடத்தின் பகுதியாக இருக்கும் இடத்தில் வேறு எதுவும் அதற்கு ஈடாகாது. ஆனால் நீளத்தில் கவனம் வேண்டும். ஃபிலிப் குவோ, ஜூஹோ கிம், ராப் ரூபின் மூவரும் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் கோர்ஸ் தளத்தின் நான்கு கோர்ஸ்களில் பதிவான 69 லட்சம் வீடியோ பார்வைகளை அலசி 2014-இல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், மாணவர்கள் பார்த்த நேரத்தின் இடைநிலை, அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு, ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. வகுப்பறையில் எடுத்த நீண்ட விரிவுரையைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டால் அது எடுபடவில்லை. முதலிலேயே சின்னதாகத் திட்டமிட்டு எடுத்தவைதான் நன்றாகப் பார்க்கப்பட்டன. எனக்கு இன்னொரு முடிவு ரொம்பப் பயன்பட்டது. செய்முறை வீடியோக்களை மாணவர்கள் முதலிலிருந்து கடைசி வரை பார்க்கவில்லை. தேவையான இடத்துக்குத் தாவிப் போய், திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். அதனால் செய்முறை வீடியோ என்றால் ஒவ்வொரு படியும் எங்கே தொடங்குகிறது என்று பெரிய எழுத்தில் தலைப்பு போடுங்கள்.

இந்த ஆறு நிமிடத்தை ஒரு சட்டம் மாதிரி சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்ற கணக்கு, எவ்வளவு கற்றார்கள் என்ற கணக்கு இல்லை. ஒரே விஷயத்தை விளக்க ஒன்பது நிமிடம் உண்மையிலேயே தேவைப்பட்டால், நடுவில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

அப்புறம், ஸ்லைடில் முழு வாக்கியங்களை எழுதி வைத்து அதையே வாசிக்காதீர்கள். கண் ஒரு வேகத்தில் படிக்கும், காது இன்னொரு வேகத்தில் கேட்கும், இரண்டும் மோதிக்கொள்ளும். ரிச்சர்ட் மேயரின் பல்லூடகக் கற்றல் ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. படமும் குரலும் சேர்ந்தால் நல்லது, திரையில் இருக்கிற வாக்கியத்தையே குரலும் சொன்னால் அது சுமை. சப்டைட்டில் வேறு விஷயம். அது தேவைப்படுகிறவர் போட்டுக்கொள்ள, வேண்டாதவர் அணைத்துக்கொள்ள வசதியாக எப்போதும் இருக்க வேண்டும்.

எழுத்துப் பாடத்தைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். எழுத்தில் ஒரு சொல்லைத் தேடலாம், நகலெடுத்து ஒட்டலாம், வேலை நடுவில் பத்து விநாடியில் பார்த்துவிட்டுத் திரும்பலாம், இணைய வேகம் குறைந்த இடத்திலும் திறக்கலாம். முக்கியமாக, திருத்தலாம். மென்பொருள் பாடம் என்றால் இது பெரிய விஷயம். ஒரு பட்டன் இடம் மாறினால் எழுத்தில் ஒரு வரியை மாற்றினால் போதும். வீடியோவில் மறுபடி ரெக்கார்டிங், மறுபடி எடிட்டிங், குரல் முன்பு போல இருக்கிறதா என்ற கவலை வேறு. அதனால் அடிக்கடி மாறுகிறதை எழுத்தில் வையுங்கள், மாறாத கருத்தை வீடியோவில் வையுங்கள். இந்த ஒரு முடிவை முதலிலேயே எடுத்துவிட்டால் அடுத்த வருடம் நிறைய வேலை மிச்சமாகும்.

ஒலி மட்டும் உள்ள பாடத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. கோபமாக இருக்கும் வாடிக்கையாளரைப் போனில் சமாளிப்பது எப்படி என்று ஒரு பாடம் என்றால், அதற்கு ஒலிதான் சரி. நிஜத்திலும் அவர் முகம் தெரியப் போவதில்லையே. வாடிக்கையாளர் பேசும் 40 விநாடிப் பதிவு ஓடி நிற்கட்டும். நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று மூன்று பதில்களைக் கொடுங்கள். மூன்றுமே ஒரு நல்ல மனிதர் சொல்லக்கூடிய பதில்களாக இருக்க வேண்டும். வெளிப்படையான முட்டாள்தனமான பதில் ஒன்றைச் சேர்த்தால் அந்த இடத்தில் யோசிக்கிற வேலையே போய்விடும். தேர்ந்தெடுத்ததும் சரி, தவறு என்று காட்டாதீர்கள். அந்தப் பதிலைக் கேட்ட வாடிக்கையாளர் அடுத்து என்ன சொல்கிறார் என்பதை ஒலிக்க விடுங்கள். 'உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது' என்ற பதிலுக்கு அவர் குரல் இன்னும் உயர்ந்தால், 'ஆர்டர் எண்ணைச் சொல்லுங்கள், இப்போதே பார்க்கிறேன்' என்ற பதிலுக்கு ஏன் தணிந்தது என்று கற்பவரே யோசிப்பார்.

சிலர் கண்ணால் கற்பவர்கள், சிலர் காதால் கற்பவர்கள், அதனால் ஒரே பாடத்தை எல்லா வடிவத்திலும் கொடுக்க வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். அதை விட்டுவிடுங்கள். ஹெரால்ட் பாஷ்லர் குழு 2008-இல் இதைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அவரவர் பாணிக்கு ஏற்பக் கற்பித்தால் அதிகம் கற்கிறார்கள் என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. வடிவத்தைத் தீர்மானிப்பது பாடத்தின் விஷயம்தான். கற்பவரிடம் பார்க்க வேண்டியது அவருக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்பதை. புதியவருக்குப் படிப்படியாகச் செய்து காட்டிய உதாரணம் தேவை. ஓரளவு தெரிந்தவருக்கு அதே உதாரணம் இடைஞ்சல். அவருக்கு நேரடியாகக் கணக்கைக் கொடுத்துவிடலாம்.

நேரலை வகுப்பு சின்ன கோர்ஸுக்குப் பொதுவாகத் தேவையில்லை. கற்பவரின் வேலையைப் பார்த்து நீங்கள் கருத்துச் சொல்லியே ஆக வேண்டும் என்றால் மட்டும் கடைசியில் ஒன்று வையுங்கள்.

எல்லாப் பாடத்தையும் முடித்துவிட்டுச் சோதிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். ஒரே ஒரு பாடத்தை, போன் கேமராவில் எடுத்த சுமாரான வீடியோவோடு, இந்த வாரமே தயாரியுங்கள். விஷயம் தெரியாத ஒருவரை உட்கார வைத்து, நீங்கள் ஒரு வார்த்தை கூடப் பேசாமல் பக்கத்தில் இருந்து பாருங்கள். அவர் எங்கே வீடியோவை நிறுத்துகிறார், எங்கே பின்னுக்கு இழுக்கிறார், எதைத் தாளில் குறித்துக்கொள்கிறார் என்று எழுதி வையுங்கள். அவர் தாளில் குறித்துக்கொண்டதெல்லாம் எழுத்துக் குறிப்பாக இருந்திருக்க வேண்டியவை. பயிற்சியில் அவர் தடுமாறிய இடத்துக்குத்தான் இன்னொரு சின்ன வீடியோ தேவைப்படும்.