பையன் வேலை மாறிக்கொண்டே இருக்கிறான் என்று கவலைப்படும் அம்மாவுக்கு

அம்மா, நீங்கள் போனில் சொன்னதையே ரெண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் பையன், தம்பி, மூன்று வருடத்தில் மூன்றாவது கம்பெனிக்குப் போகிறார், ஒரே இடத்தில் நிலைத்து இருந்தால்தானே நாலு பேர் மதிப்பார்கள் என்று கேட்டீர்கள். வேலை மாறுவதற்கு இவ்வளவு பயப்பட வேண்டாம். ஆனால் ஒவ்வொரு முறையும் பிஎஃப் பணத்தை, அதாவது மாதச் சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் வைப்பு நிதியை, முழுசாக எடுத்துவிட்டார் என்று போகிற போக்கில் சொன்னீர்களே, எனக்கு அதுதான் தூக்கம் வராமல் செய்தது.

ஏனென்றால் நான் செய்த அதே தப்பு அது. பத்தாவது முடித்த மே விடுமுறையில் மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கப் போனேன், கடன் கேட்டு வருகிறவரிடம் முகம் கோணாமல் 'இல்லை' என்று சொல்வது எப்படி என்று முதலாளியைப் பார்த்தே கற்றுக்கொண்டேன். அப்புறம் டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்து ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். 1996இல் மருந்துக் கம்பெனி ரெப், டாக்டர் அறை வாசலில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்து ரெண்டே நிமிடத்தில் விஷயத்தைச் சொல்லி முடிக்க வேண்டும், மளிகைக் கடைப் பழக்கம் அங்கே கைகொடுத்தது. 2002இல் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் கணக்கு, 2008இல் சொந்தமாகக் கம்ப்யூட்டர் சென்டர், இப்போது 59 வயதில் இந்த ஆலோசனை வேலை. இதில் ஒரு வேலைகூட வீண் என்று நான் நினைக்கவில்லை.

வீணானது வேறு. ரெப் வேலை 6 வருடம், கணக்கு வேலை 6 வருடம், மொத்தம் 12. பிஎஃப்போடு சேர்ந்த பென்ஷன் திட்டத்தில் 10 வருட சர்வீஸ் இருந்தால் 58 வயதிலிருந்து மாதாமாதம் பென்ஷன் உண்டு, அந்தப் பத்து வருடம் ஒரே கம்பெனியில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, நடுவில் இடைவெளி விழுந்தாலும் கூட்டிக்கொள்வார்கள். நான் ரெண்டு முறையும் பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுத்து, வீட்டுச் செலவில் கரைத்துவிட்டேன். எடுத்துவிட்டால் அந்த சர்வீஸ் கணக்கில் வராது. இன்றைக்கு எனக்கு அந்தப் பென்ஷன் இல்லை.

தம்பிக்கு 25 வயதுதான் ஆகிறது, போன மூன்று வருடம் போகட்டும். இனி வேலை மாறினால் பழைய பிஎஃப் கணக்கை அதே யூஏஎன் எண்ணில் (கம்பெனி மாறினாலும் மாறாத பிஎஃப் எண் அது) புதுக் கம்பெனிக்கு மாற்றச் சொல்லுங்கள், ஆன்லைனிலேயே செய்யலாம். பழைய கம்பெனி வேலையை விட்ட தேதியைப் பதிவு செய்திருக்கிறதா என்று பார்க்கட்டும், அவர்கள் போடாவிட்டால் ரெண்டு மாதம் கழித்து அவரே போட்டுக்கொள்ளலாம். கொஞ்ச காலம் வேலைக்கே போகப் போவதில்லை என்றால், பென்ஷன் பங்குக்கான படிவம் 10சி-யில் பணம் கேட்காமல், அதுவரை பார்த்த சர்வீஸுக்குச் சான்றான ஸ்கீம் சர்டிபிகேட் கேட்டு வாங்கி வைக்கட்டும், பிற்பாடு சேரும் இடத்தில் அந்த சர்வீஸும் சேர்ந்துகொள்ளும். இன்னொன்று, 5 வருட சர்வீஸ் முடியும் முன்னால் பிஎஃப் எடுத்தால் பொதுவாக வருமான வரியும் கட்ட வேண்டி வரும்.

சம்பளம் ஆயிரம், ரெண்டாயிரம் கூடுகிறது என்பதற்காக மட்டும் மாறினால் நானும் உங்களோடு சேர்ந்து தடுப்பேன். ஆனால் அவர் சாஃப்ட்வேரைச் சோதிக்கும் டெஸ்டிங் வேலையிலிருந்து தகவல்களை அலசும் டேட்டா பக்கம் போகிறார், அதில் கற்றுக்கொள்ள விஷயம் இருக்கிறது.

உங்கள் சின்ன மகள் லீவில் ஜவுளிக் கடைக்கு வேலைக்குப் போகட்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். 17 வயது, சட்டப்படி தடை இல்லை. பட்டாசு, சுரங்கம் மாதிரி அபாயமான வேலைகளில்தான் 18 முடியாதவர்களை வைக்கக் கூடாது. ராத்திரி 7 மணிக்கு மேல் நிறுத்தி வைக்க மாட்டோம், வாரம் ஒரு நாள் லீவு என்று கடைக்காரர் ஒத்துக்கொண்டால் தாராளமாக அனுப்புங்கள்.

சனிக்கிழமை வரும்போது தம்பியையும் கூட்டி வாருங்கள். யூஏஎன் எண்ணும், ஆதாரோடு இணைத்த போனும் கையில் இருக்கட்டும், பிஎஃப் பாஸ்புக்கை உட்கார்ந்து பார்த்துவிடலாம்.