கரண்ட் அடிச்ச பசுவுக்கு கல்சியம் ஏத்தலாமோ?

விசுவமடுவில இருந்து ஒரு அண்ணை கேட்டது: "கிணத்தடியில மோட்டர் வயர் அறுந்து ஈரத்தில கிடந்தது, பசு மிதிச்சு விழுந்திட்டுது. இழுக்கப்போன எனக்கும் அடிச்சு கொஞ்சநேரம் நினைவில்லை. பசு பேந்து எழும்பிட்டுது, ஆனா ரெண்டு நாளா தீனி குறைவு, நெஞ்சு தாறுமாறா அடிக்குது. கண்டு போட்டு ரெண்டு மாசம். பக்கத்து வீட்டுக்காரர் கல்சியம் ஏத்தச் சொல்லுறார்."

ஏத்தாதேங்கோ அண்ணை. கல்சியக் குறைவில மாடு விழுறது பெரும்பாலும் கண்டு போட்டு மூண்டு நாளுக்குள்ள. உங்கட பசு கரண்ட்டில விழுந்ததை நீங்களே பாத்தனீங்கள், பிறகென்னத்துக்குக் கல்சியம்? நரம்பில ஏத்தினா அது நேர இதயத்திலதான் வேலை செய்யும், சுகமான மாட்டுக்கே அவசரப்பட்டு ஏத்தினா இதயம் நிண்டிடும், துடிப்பு குழம்பின மாட்டுக்குக் கேக்கவும் வேணுமோ. எங்கட பக்கம் மாடு படுத்தா உடன போத்தலைத் தூக்கிறது ஒரு பழக்கமாப் போச்சு.

மாட்டுக்கு முன்னங்கால் பின்னங்கால் இடைவெளி கூட, ஈர நிலத்தில கரண்ட் ஒரு காலால ஏறி நெஞ்சுக்குள்ளால போய் மற்றக் காலால இறங்கும். 230 வோல்ட் லைன் அப்பிடிப் போகேக்க இதயத்தின்ர கீழறை துடிக்காம வெறுமன நடுங்கத் தொடங்கினா அந்த இடத்திலயே முடிஞ்சிது. உங்கட பசு அதைத் தாண்டிட்டுது, ஆனா துடிப்பு ஒழுங்கில்லாம இருக்கலாம், தீனி எடுக்காட்டி ரத்தத்தில பொட்டாசியம் குறைஞ்சும் அது கூடும்.

வாலடியில கீழ்ப்பக்கமா விரல் வைச்சு முழு ஒரு நிமிசம் நாடி எண்ணுங்கோ, 15 செக்கன் எண்ணி நாலால பெருக்கிறது இதுக்குச் சரிவராது, ஏனெண்டா விட்டு விட்டு அடிக்குதோ எண்டதுதான் முக்கியம். ஆறுதலா நிக்கிற பசுவுக்கு 48இல இருந்து 84 வரைக்கும் சரி. எழுதி வைச்சு கால்நடை வைத்தியருக்குச் சொல்லுங்கோ, கரண்ட் அடிச்சதை முதல் சொல்லுங்கோ. அதுவரைக்கும் மேச்சலுக்குக் கலைக்காம நிழல்ல கட்டித் தண்ணி வையுங்கோ.

அதுசரி, நினைவு தப்பினதை இவ்வளவு லேசா சொல்லிட்டுப் போறியளே! மாட்டு டொக்டரைக் கூப்பிட முதல் நீங்கள் இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுங்கோ. நெஞ்சு நோ, படபடப்பு, தலைசுத்து இருந்தா தனிய மோட்டச்சைக்கிள்ல வெளிக்கிடாதேங்கோ, 1990க்கு அடிச்சு அம்புலன்ஸைக் கூப்பிடுங்கோ.

மோட்டர் லைன் ட்ரிப் சுவிட்சுக்கு வெளியால இழுத்திருக்கோ எண்டும் வயர்மேனைக் கொண்டு பாருங்கோ, அதுவரைக்கும் மெயினைப் போடவேண்டாம்.