மூட்டுப் பிடிப்புள்ள வயதான நாய்: எண்ணெய் தேய்க்கலாமா, ஒத்தடம் கொடுக்கலாமா?

கேள்வி: காங்கயம் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில் இருக்கும் நாட்டு நாய்க்கு 11 வயது. மார்கழி பிறந்ததிலிருந்து காலையில் எழும்போது பின்னங்கால்கள் பிடித்துக்கொள்கின்றன. சிறிது நடந்ததும் இளகிவிடுகிறது. நல்லெண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தேய்க்கவும், வாய்க்காலில் நீந்த விடவும் பக்கத்துத் தோட்டத்தார் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: எழும்போது பிடிப்பும் நடந்தபின் இளக்கமும் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானத்தின் அடையாளம். ஆனால் ஆட்டுப்பட்டியையும் கட்டுத்தரையையும் ஒட்டி வாழும் நாய்க்கு உண்ணிக் காய்ச்சலாலும் மூட்டு வலி வரும் என்பதால், முதலில் இரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை. அதற்கு மேல் சுட்டாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ, தீனி எடுக்காமல் கிடந்தாலோ, திடீரெனக் காலை இழுத்து நடந்தாலோ, கைவைத்தியம் எதையும் தொடங்காமல் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

கற்பூரம் கூடவே கூடாது. அது தோல் வழியாகவும் உள்ளே போகும். தடவியதை நாய் நக்காமல் விடாது. உள்ளே போனால் வாந்தியும் வலிப்பும் வரலாம். வலி தைலம் தேய்த்த ஒரு நாயை எச்சில் ஒழுக, கால்கள் நடுங்க என்னிடம் தூக்கி வந்தார்கள். தேய்த்தவர் அதன் மீது உயிரையே வைத்திருந்தவர். யூகலிப்டஸ் தைலமும் அதே வகைதான். மனிதருக்கான வலி மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம். ஐபுப்ரோஃபன், டைக்ளோஃபினாக் போன்றவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ஒத்தடம் தாராளமாகக் கொடுக்கலாம். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே இதமாக இருந்தால் இடுப்பிலும் பின்தொடையிலும் 10 நிமிடம் வையுங்கள். வீங்கிச் சுடும் மூட்டில் சூடு வைக்கக் கூடாது. வறுத்த உப்பு மூட்டையைத் தவிர்த்துவிடுங்கள். தோல் வெந்துவிடும், மூட்டை அவிழ்ந்தால் உப்பைத் தின்றும் விடும்.

ஒத்தடம் முடிந்த கையோடு நீவி விடுங்கள். எண்ணெய் தேவையில்லை, வெறும் உள்ளங்கை போதும். பாதத்திலிருந்து தொடை நோக்கி, மாவை வருடுவது போன்ற அழுத்தத்தில், மூட்டின் மேல் அமுக்காமல் அதைச் சுற்றியுள்ள சதையில் மட்டும் 5 நிமிடம் நீவுங்கள். கண் நாயின் முகத்திலேயே இருக்கட்டும். உதட்டை நக்கினாலோ, முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, கை படும் இடத்தில் தோல் துடித்தாலோ அது போதும் என்கிறது, உடனே நிறுத்திவிடுங்கள். இதமாக இருந்தால் நீண்ட மூச்சு ஒன்றை விட்டு, உடம்பின் பாரத்தை உங்கள் முழங்கால் மேல் சாய்க்கும். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மூச்சைக் கேட்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

தண்ணீர் உடலின் பாரத்தைத் தாங்குவதால் நீந்தும்போது மூட்டுக்குச் சுமை குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் கீழ்பவானி வாய்க்காலின் இழுப்பில், பின்னங்காலில் பலமில்லாத நாய் சரிவான கரையில் ஏற முடியாது. அதற்குப் பதிலாகக் காலையும் மாலையும் 10 நிமிடம், தார்ச்சாலையில் அல்லாமல் கொறங்காட்டு (மேய்ச்சல் காட்டு) மண்ணில், அதன் போக்கில் நடக்க விடுங்கள். இரவில் சிமெண்டுத் தரையில் படுக்கவிடாமல் சாக்குகளை மடித்துக் கனமாகப் போடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட எடையைக் குறைப்பதே பெரிய வைத்தியம். விலாவைத் தடவினால் எலும்புகள் எளிதில் கைக்குத் தட்டுப்பட வேண்டும். இல்லையென்றால் சோற்றைக் குறையுங்கள். மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 மூட்டு வலிக்கு உதவுவது ஆய்வுகளில் தெரியவந்துள்ளது; அளவை எடைக்கேற்ப மருத்துவர் சொல்லட்டும். மஞ்சளை நம்பி மருந்தை நிறுத்த வேண்டாம், அது குடலில் மிகக் குறைவாகவே உட்கிரகிக்கப்படுகிறது.

வாரம் ஒருமுறை, காலையில் நாய் எழுந்து முதல் பத்து அடி நடப்பதைக் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். 4 வாரம் கழித்து, உள்ளூர் மருத்துவரிடமோ, நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ அவற்றைக் காட்டினால், வலி மருந்து தேவையா, எவ்வளவு தேவை என்பதை அவர்களால் தெளிவாக முடிவு செய்ய முடியும்.