கலத்தில் தெரிவது ஒன்று, கிடப்பது ஒன்று

யாழ்ப்பாணத்தில் கடைக் கணக்கு, பள்ளிக்கூடக் கணக்கு எல்லாம் எக்செலில் பார்த்துக் கொடுப்பது என் தொழில். இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே வியாதி: கலத்தில், அதாவது எக்செலின் ஒரு கட்டத்தில், தெரிவது ஒன்று, உள்ளே கிடப்பது வேறு.

சாவகச்சேரி ஆசிரியை: தம்பி, ஒரு பிள்ளையின் சராசரி 75 என்று தெரிகிறது. 75 அல்லது அதற்கு மேல் என்றால் ஏ போடச் சொன்ன சூத்திரம் பி போடுகிறது. தாய் வந்து சண்டை பிடிக்கிறார்.

பதில்: ரீச்சர், அந்தக் கலத்துக்குத் தசம தானத்தைக் கூட்டிப் பாருங்கள். ஐந்து பாடத்துக்கும் 373 புள்ளி என்றால் சராசரி 74.6. தசமத்தை மறைத்ததால் கண்ணுக்கு 75. ஆனால் சூத்திரம் கண்ணால் பார்ப்பதில்லை, உள்ளே கிடக்கிற 74.6ஐத்தான் எடுக்கும். முழு எண்ணாக்கித்தான் ஏ, பி போடுவது என்றால், சராசரியை ரவுண்ட் (ROUND) சூத்திரத்துக்குள் வைத்துத் தசம தானம் 0 என்று கொடுங்கள். அப்போது உள்ளேயும் 75தான். அப்படிப் போடலாமா என்று அதிபரிடம் கேளுங்கள், தாயிடம் அல்ல.

திருநெல்வேலிக் கடைக்காரர்: பட்டியலின் மூன்று வரியிலும் 166 ரூபாய், மொத்தம் 499. கையால் கூட்டினால் 498.

பதில்: அண்ணை, ஒவ்வொன்றும் 166.40 ஆக இருக்கும். அதே ரவுண்ட்தான், ஆனால் ஒவ்வொரு வரிக்கும் போடுங்கள். மொத்தத்துக்கு மட்டும் போட்டால் 499தான் வரும். இல்லையென்றால் சதத்தையும் காட்டிவிடுங்கள்.

அவரே: வற் (VAT) 18 என்று அடித்துச் சதவீதமாக்கினால் 1800% வருகிறதே?

பதில்: சதவீதம் என்றால் நூறால் பெருக்கிக் காட்டும். உள்ளே 0.18 இருக்கவேண்டும்.

நல்லூர் மாணவி: தைப்பொங்கல் திகதி 45306 ஆகிவிட்டது, அண்ணா.

பதில்: தங்கச்சி, அது 2024 ஜனவரி 15தான். 1900 ஜனவரி 1ஐ 1 என்று வைத்து எண்ணிய நாள். திகதி வடிவம் கொடுத்தால் சரி. 1900இல் இல்லாத பெப்ரவரி 29ஐயும் எக்செல் சேர்த்து எண்ணும்! பழைய லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் மென்பொருள் விட்ட பிழை, அதோடு ஒத்துப்போகவென்று அப்படியே வைத்துவிட்டார்கள்.

கொக்குவில் வாசகர்: 12 இலக்க அடையாள அட்டை எண் தசமத்தோடு சுருங்கித் தெரிகிறது. 021 தொலைபேசியில் 0 இல்லை.

பதில்: அட்டை எண் பத்திரமாக இருக்கிறது, எண் வடிவத்துக்கு மாற்றித் தசமத்தை எடுத்துவிடுங்கள். தொலைபேசியின் 0 உண்மையாகவே போய்விட்டது. நிரலை முதலில் எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் திரும்ப அடியுங்கள். வங்கி அட்டையின் 16 இலக்கமும் அப்படித்தான்: எக்செல் 15 இலக்கம்தான் வைத்திருக்கும், கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி அடிக்கவேண்டியதுதான்.